ஏப்ரலுக்குப் பிறகும் ஒரு நுவரெலியா

ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்துப் போனதும் நுவரெலியாவில் ‘சீசன்’ தொடங்கிவிடும். அதன்பிறகு ஒரு மாதம் ஊர் ஊராக இருக்காது. குதிரைப் பந்தயம், மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, கரையில் மட்டக்குதிரைச் சவாரி, இரவில் இசை நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து போகும் கூட்டத்துக்கு ஒரு பாதை எங்கள் ஒருகொடவத்தைச் சந்தியிலேயே பிரிகிறது. கொள்கலன் லொறிகளுக்கு நடுவே, கூரையில் பெட்டி கட்டிய ஹயஸ் வேன்கள் லோ லெவல் வீதிக்குத் திரும்பி, அம்பத்தளை, ஹன்வெல்லை தாண்டி அவிசாவளையில் ஏ7 வீதியைப் பிடிக்கும். கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏறினால் நுவரெலியா. புத்தாண்டு வாரத்தில் அந்தக் கடைசிச் சில கிலோமீற்றரைக் கடக்கும் நேரத்தில் வேறு நாளில் பாதி மலையை ஏறிவிடலாம்.

அறை வாடகை அந்த நாட்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். வீதியோரத்தில் ‘ரூம்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு பொடியன்கள் வாகனத்தை மறிப்பார்கள். மே மாதம் பிறக்கும். தென்மேற்குப் பருவமழை மூடுபனியோடு வந்து இறங்கும். அதே பொடியன்கள் கறட் கழுவப் போய்விடுவார்கள்.

ஒரு மாதம் உழைத்துப் பதினொரு மாதம் சாப்பிட வேண்டிய ஊராக நுவரெலியா ஏன் இருக்கிறது? இதைவிட விசித்திரம் என்னவென்றால், நாம் அடித்துப்பிடித்துப் போகும் ஏப்ரல், வானிலைக் கணக்கில் அங்கே மிகச் சிறந்த மாதமும் இல்லை.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆகவே கொழும்பில் 28 பாகை என்றால் அங்கே 16. இந்த 12 பாகைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்தக் குளிர் வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறது. மாறுவது மழையும் மூடுபனியும் மட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். விடியலில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அம்பேவளைப் பக்கம் போனால் கையுறை இல்லாமல் நிற்க முடியாது. திம்புளைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுதான். காய்ந்த குளிர்காற்றில்தான் கொழுந்துக்கு மணம் ஏறுகிறது. ஏப்ரலில் அப்படியில்லை. காலையில் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு இடியுடன் மழை என்பதே வழமை.

பிறகு ஏன் ஏப்ரல்? கொழும்பு வெந்து போகும் மாதம் என்பது ஒரு காரணம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை இன்னொன்று. மூன்றாவது காரணம் பழக்கம். அதை ஏற்படுத்தியவர்கள் வெள்ளைக்காரர்.

துரைமார் போட்ட கணக்கு

1819இல் ஜோன் டேவி என்ற மருத்துவரும் சகாக்களும் இந்தச் சமவெளியைப் பற்றி எழுதிய பிறகுதான் பிரித்தானிய அரசு இங்கே கண் வைத்தது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். தாழ்நில வெயிலிலும் காய்ச்சலிலும் நொந்த சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேற இங்கே வந்தார்கள். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் பெயர் பெற்ற சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் வந்தபோது அவர் கனவு வேறாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றி, இங்கே ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே நட்டுவிடப் பார்த்தார். கிராமம் அவர் நினைத்தபடி வரவில்லை. ஐரோப்பியக் காய்கறி மட்டும் மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று கொழும்பில் நாம் சமைக்கும் கறட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் எல்லாம் அந்த வழி வந்தவைதான்.

1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் வாவி வந்தது. 1875இல் குதிரைப் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கழகம், 1894இல் செங்கல் தபாலகம், 1897இல் விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காகப் பூங்கா. இடையில் 1885இல் நானுஓயா வரை புகையிரதம். வரிசையைப் பார்த்தாலே இது யாருக்காகக் கட்டிய ஊர் என்பது விளங்கும். சூடு தணியும்வரை வந்திருந்து, விளையாடி, விருந்துண்டு, மறுபடி கொழும்புக்கு இறங்குகிறவனுக்காகக் கட்டியது. ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு இன்றும் கோட்டும் டையும் வேண்டும். கொண்டு வராதவனுக்கு அங்கேயே இரவல் கிடைக்கும். வேடிக்கையான வழக்கம். இருந்துவிட்டுப் போகட்டும்.

துரைமார் போய் முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் அவர்கள் நாட்காட்டியை நாம் மாற்றவில்லை. மகாகஸ்தோட்டைக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அதுவும் ஏப்ரல்தான். புதிதாக எதைச் சேர்த்தாலும் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே திணிக்கிறோம். ஏற்கெனவே நிரம்பிய பஸ்ஸில் இன்னும் ஆள் ஏற்றும் கொண்டக்டர் போலத்தான் நமது உல்லாசப் பயணத்துறை.

அதே உயரத்தில் இன்னோர் ஊர்

இத்தாலியின் வடக்கில், சுவிஸ் எல்லையை ஒட்டி லிவிக்னோ என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. உயரம் 1,816 மீற்றர். நுவரெலியாவைவிட ஐம்பது மீற்றர்தான் குறைவு. மக்கள் தொகை ஏறக்குறைய ஏழாயிரம். குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பே அறுந்து போகிற, மாடும் வைக்கோலும் கள்ளக்கடத்தலும் தவிர வேறு பிழைப்பு இல்லாத ஏழைப் பள்ளத்தாக்காக அது இருந்தது. அந்த ஏழ்மையைப் பார்த்துத்தான் பல தலைமுறைக்கு முன்பே சுங்கவரி விலக்குக் கொடுத்தார்கள். இன்றுவரை அது நீடிக்கிறது. 1960களில் ஓர் அணைக்கட்டு வேலைக்காகச் சுவிஸ் பக்கமிருந்து சுரங்கப்பாதை குடைந்தார்கள். ஒரே நேரத்தில் ஒரு திசையில்தான் வாகனம் போகலாம். அந்த ஒற்றை வழியாக ஐரோப்பா உள்ளே வந்தது.

முதலில் வந்தவர்கள் பனிச்சறுக்குக்காரர்கள். ஊர் அத்தோடு திருப்திப்பட்டிருந்தால் அதுவும் ஒரு சீசன் ஊராகவே நின்றிருக்கும். லிவிக்னோ அப்படி நிற்கவில்லை. கோடையில் அதே சரிவுகளில் மலைச் சைக்கிள் ஓட்டப் பாதை போட்டார்கள். கம்பிவட ஊர்தியில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போய் இறங்கலாம். காற்று மெல்லிசாக இருக்கும் உயரத்தில் பயிற்சி எடுத்தால் இரத்தத்தில் சிவப்பணு கூடும் என்பதால் சைக்கிள் வீரரும் நீச்சல் வீரரும் கோடையில் வாரக்கணக்கில் வந்து தங்குகிறார்கள். குளிர்காலத்துப் பனியைக் குவித்து மரத்தூளால் மூடி, கோடை நடுவில் திறந்து, வீதியிலேயே சறுக்குப் போட்டி வைக்கிறார்கள். செப்டெம்பரில் மேய்ச்சல் மலையிலிருந்து பசுக்கள் இறங்கும் நாள் ஒரு திருவிழா. 2026 பெப்ரவரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிப்பலகைப் போட்டிகள் இவ்வூருக்கே ஒதுக்கப்பட்டன.

இத்தனையும் ஆசையால் மட்டும் செய்ததல்ல, பயமும் காரணம். இத்தாலியின் சறுக்குச் சரிவுகளில் சுமார் 90 சதவீதம் இப்போது செயற்கைப் பனியை நம்பி ஓடுகின்றன. உயரம் குறைந்த ஊர்களில் கம்பிவட ஊர்திகள் துருப்பிடித்து நிற்கின்றன. பனி பொய்க்கும் என்று தெரிந்த பிறகு ஒரு பருவத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று அல்ப்ஸ் மலைக்காரன் முடிவெடுத்தான்.

இத்தாலி நமக்கு அந்நியமான நாடுமல்ல. வென்னப்புவ, சிலாபம் பக்கத்துப் பலரின் உறவினர் மிலானிலும் நாப்போலியிலும் வேலை செய்கிறார்கள். வென்னப்புவையையே குட்டி இத்தாலி என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் அங்கே இருக்கிறார்கள். அந்த நாட்டிலிருந்து பணமும் அங்கே மாதிரியே கட்டிய மாடி வீடுகளும் வந்தன. ஒரு மலைக்கிராமத்தை எப்படி நடத்துவது என்ற யோசனை மட்டும் வரவில்லை.

சைக்கிள் பாதையையும் திருவிழாவையும் நாமும் பிரதி பண்ணலாம். பெரிய வித்தியாசம் அதில் இல்லை. அல்ப்ஸ் மலைக் கிராமங்களில் கணிசமான விடுதிகள் அந்தந்த ஊர்க் குடும்பங்களின் சொத்து. 1985இல் இத்தாலி 730ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விவசாயி தன் பண்ணை வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைக்கலாம், தன் விளைச்சலைச் சமைத்துப் பரிமாறலாம், ஆனால் விவசாயமே முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மழைக்கால மந்தத்தில் ஹோட்டல் கம்பெனி ஆட்களைக் குறைக்கும். வீட்டுக்காரன் தன் வீட்டை மூட முடியாது. வருடம் முழுக்க விருந்தினர் வர வேண்டுமானால், வருடம் முழுக்க அங்கே வாழ்கிறவன் வீட்டுக்காரனாக இருக்க வேண்டும்.

நுவரெலியாவில் வருடம் முழுக்க வாழ்கிறவர் யார்?

லயத்தில் விருந்தினர் தங்க முடியுமா?

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர். மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறு ஆண்டுகளை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவு கூர்ந்தோம். இந்த இருநூறு ஆண்டில் அவர்கள் கையில் எவ்வளவு காணி? தோட்டங்களை 1972, 1975 ஆண்டுகளில் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுத்தது. காணி அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் நான்கு தலைமுறையாகப் படுத்து எழும்பியவனுக்கு அதில் ஆணி அடிக்கவும் உரிமையில்லை. 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் வந்தன, இந்திய உதவியிலும் வீடுகள் எழும்பின. நல்லதுதான். ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். வீடு கிடைத்தவர்களிலும் உறுதிப்பத்திரத்துக்காகக் காத்திருப்போர் பலர்.

இப்போது ஹோம்ஸ்டே என்று பெரிதாகப் பேசுகிறார்கள். உல்லாசப் பயண அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யலாம் என்கிறார்கள். உறுதி இல்லாதவன் எதைக் காட்டிப் பதிவான்? எந்த வங்கியில் கடன் கேட்டு ஒரு குளியலறை கட்டுவான்?

வெள்ளைக்காரன் விட்டுப் போன கட்டடங்களுக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் என்ற தேயிலைத் தொழிற்சாலை 1970களில் மூடப்பட்டது. பின்னர் அதன் இயந்திரத்தையும் மரத்தளத்தையும் வைத்துக்கொண்டே அருமையான ஹோட்டலாக்கினார்கள். போகவந்தலாவை, காசல்ரீ பக்கத்துத் தோட்டத்துரை பங்களாக்கள் 2005 முதல் உலகத் தரத்து விடுதிகளாக இயங்குகின்றன. இரண்டுமே ஏப்ரலை நம்பி இல்லை. மழையையும் பனிமூட்டத்தையுமே விலைக்கு விற்கத் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள். திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தப் பங்களா ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் பச்சைச் சரிவில் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது. 2024இல் 1,350 ஆனது. அங்கே ஓர் இரவு தங்க அவள் எத்தனை நாள் மலையேற வேண்டும் என்பதை வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை தருவது ‘பீக்கோ டிரெயில்’ என்ற நடைபாதை. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றர் பாதை. 22 கட்டங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை மூட்டையும் கொழுந்துக்கூடையும் போன தோட்டப்பாதைகளைத் தொடுத்து அமைத்தது. புதிதாகக் கட்டடம் எழுப்பவில்லை, மலையை வெட்டவுமில்லை. பாதை லயன்களின் வாசல் வழியே, கோயில் முற்றம் வழியே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதை வழியே போகிறது. நடக்கிறவனுக்குப் பசிக்கும். ஒரு பிளேன்டீ, ரொட்டியும் கட்டச்சம்பலும், இரவு தங்க ஓர் அறை, வழிகாட்ட ஒரு பொடியன். பணம் ஹோட்டல் கல்லாவுக்குப் போகாமல் நேராக வாசலில் இறங்குகிற அபூர்வமான திட்டம் இது. ஆனால் அந்த ஓர் அறைக்கு மறுபடியும் காணி வேண்டும். எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறோம்.

பன்னிரண்டு மாதமும் வருகிறவர்கள்

உண்மையில் ஏப்ரலைச் சட்டை செய்யாமல் ஏற்கெனவே சிலர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நகருக்கு வெளியே சீதா எலிய சீதையம்மன் கோயில் 2024 மே மாதம் கும்பாபிஷேகம் கண்டது. அயோத்தியிலிருந்து சரயு நதி நீர் வந்தது. இராமாயணத் தலங்களைத் தேடி வரும் இந்தியர்களுக்குச் சீசன் கிடையாது. றம்பொடை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு இங்கே ஏறி, அப்படியே 1861இல் சிங்கோனாச் செடிக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொரு கூட்டம் விக்டோரியா பூங்காவில் இருக்கும். பூப்பாத்திகளை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. பின்புறத்து ஓடைக்கரையில், குப்பை மணக்கும் புதர் அருகே, நீண்ட லென்ஸை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க வரும் இடங்களில் அந்த ஓடை ஒன்று. கையளவுகூட இல்லாத அந்தக் குருவிக்காகக் கடல் கடந்து வருகிறார்கள். நம்மவர்கள் அவர்களை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஊஞ்சலுக்கு இழுத்துப் போகிறார்கள்.

கடைத்தெருவில் ‘பேல்’ கடைகள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஜாக்கெட்டுகள் மலைபோலத் தொங்கும். பனிச்சறுக்குக்காரன் போடும் தடித்த கோட்டும் அதில் கிடைக்கும். விலையைக் கேட்டு, முகத்தைச் சுளித்து, இரண்டடி நடந்து, திரும்பக் கூப்பிட வைத்து வாங்குவதுதான் முறை. ஐரோப்பாவின் பனிக்காக இங்கே தைத்த உடுப்பு, பனியே பெய்யாத இலங்கை மலையில் விற்பனையாகிறது.

மழைக்காலத்துக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அதை யாரும் திட்டமாகப் போடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை நுவரெலியாவில் கொட்டும் ஜூலை, ஆகஸ்டில், மலைக்கு அந்தப் பக்கம் ஊவா காய்ந்து கிடக்கும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது அந்தக் காற்றுதான். ஒரு மணித்தியாலப் பயணத்தில் மழையிலிருந்து வெயிலுக்கு இறங்கலாம். நுவரெலியாவையும் ஊவாவையும் சேர்த்து ஒரே சுற்றாக விற்றால் மழைக்காலம் என்ற சாக்கு பாதி கழிந்துவிடும். நுவரெலியா மத்திய மாகாணம், வெலிமடை ஊவா மாகாணம் என்பதால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலும்.

மலை தாங்குமா?

வருடம் முழுக்க ஆள் வரவேண்டும் என்று எழுதும்போதே ஒரு பயமும் இருக்கிறது. கிரகரி வாவியைப் பாருங்கள். சுற்றிலும் காய்கறித் தோட்டம், ஊர்க் கழிவு. உரமும் மருந்தும் மழையில் வழிந்து வாவிக்குத்தான் வருகின்றன. நீர் பச்சைபிடித்துப் போவது புதினமில்லை. அதில் படகைச் சுற்றவிட்டுக் காசு வாங்குகிறோம். 2023இல் செங்கல் தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் கருத்தில் அவர்கள் பக்கமே நியாயம். எல்லாக் கட்டடமும் ஹோட்டலானால், ஹோட்டலில் தங்கி எதைப் பார்ப்பது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலையகத்தில் சரிவுகள் லயன்களின் மேல் விழுந்தன, வீதிகள் அறுந்தன, புகையிரதப் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. அதே நாட்களில் களனி பெருகி, கொலன்னாவையும் ஒருகொடவத்தையை அடுத்த தாழ்நிலங்களும் நீரில் நின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஹோர்டன் சமவெளியே ஊற்றுக்கண். அந்த மலையில் சரிவை வெட்டி எழுப்பும் ஒவ்வொரு மாடிக்கும் கீழே இருக்கிற நாங்களும் விலை கொடுக்கிறோம். லிவிக்னோவில் பனிச்சரிவு இறங்கும் இடத்தில் கட்டடம் கட்ட விடமாட்டார்கள். இங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாகவே வைத்திருக்கிறது. வரைபடம் இருப்பது வேறு, அதன்படி அனுமதி மறுப்பது வேறு.

ஆகவே புது ஹோட்டல் வேண்டாம். இருக்கிற அறைகளில் பல ஏப்ரல் தவிர்ந்த மாதங்களில் காலியாகவே கிடக்கின்றன. முதலில் அவை நிரம்பட்டும். அதற்கு அடுத்து, பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டிக் கொடுத்த தோட்டக் குடும்பங்களுக்கு உறுதிப்பத்திரத்தையும், ஓர் அறையைச் சேர்த்துக் கட்டும் உரிமையையும் அரசு கொடுக்க வேண்டும். இது உல்லாசப் பயண அமைச்சின் வேலையல்ல, காணி விவகாரம் என்று தள்ளிவிடுவார்கள். மலையகத்தில் உல்லாசப் பயணமே காணி விவகாரம்தான்.

நீங்கள் போவதாக இருந்தால் பெப்ரவரியில் போங்கள். அறை பாதி விலைக்கு வரும், பேரம் பேசினால் இன்னும் இறங்கும். ஹோர்டன் சமவெளியில் உலக முடிவைப் பார்க்க வேண்டுமானால் விடியலில் உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, எண்ணூறு மீற்றர் கிடுகிடு பள்ளம் வெறும் வெள்ளைச் சுவராகிவிடும். ரயிலில் போகிறவர்கள் நானுஓயா வரை சேவை நடக்கிறதா என்று கோட்டை நிலையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கொழும்பிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள், தோட்டத்துப் பொடியனையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், அவன் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.